ஏற்காடு கிளையில் காப்பி காணோம்: ஒரு தேடல் கோளாறின் ஆய்வு

சேலத்தில் தலைமை இடம் வைத்து ஆத்தூர், சங்ககிரி, ஓமலூர், ஏற்காடு என்று சுற்றுவட்டாரத்தில் கிளைகள் நடத்தும் ஒரு பார்சல் சர்வீஸ். பெயர் வேண்டாம். அவர்களுடைய புக்கிங் மென்பொருளில், சரக்கின் பெயரையோ ஆளின் பெயரையோ அடித்துப் பதிவைத் தேடும் வசதி இருக்கிறது. எல்லாக் கிளைகளின் பதிவுகளும் ஒரே டேபிளில்தான். ஆனால் ஒரு கிளையில் உட்கார்ந்து தேடுபவருக்கு அந்தக் கிளையின் பதிவுகள் மட்டுமே வர வேண்டும். சேலம் நகருக்குள்ளேயே உள்ள செவ்வாய்ப்பேட்டை கிளையில் இது குறையில்லாமல் ஓடியது. ஏற்காட்டில் ஓடவில்லை. அதைச் சரி செய்யும் வேலை என்னிடம் வந்தது.

புகார் எளிமையானது. ஏற்காடு கிளையில் புக்கிங் பார்க்கும் பெரியவர் போனில் சொன்னது இதுதான்: "தம்பி, காப்பின்னு அடிச்சா ஒண்ணுமே வர்றதில்லைங்க. காப்பிக்கொட்டை மூட்டை இங்கிருந்துதான போகுது? எல்.ஆர். நம்பர் போட்டா வருது, பேரப் போட்டா வரமாட்டேங்குது." எல்.ஆர். என்றால் சரக்குக்குப் போடும் லாரி ரசீது. தலைமை அலுவலகம் இதை நெட் பிரச்சினை என்று ஒதுக்கி வைத்திருந்தது. மலைமேல் மழைக்காலத்தில் லைன் போவது புதிதல்லவே. 20 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே எது கோளாறானாலும் பழி நெட்வொர்க் மேல் விழும். அதனால் மழைக்காலம் முழுக்க யாரும் இதைத் துருவவில்லை. காப்பி அறுவடை தொடங்கி மூட்டைகள் இறங்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் பெரிதானது. அதுவரை பெரியவர் ஒரு நோட்டில் எல்.ஆர். எண்ணை எழுதி வைத்துச் சமாளித்திருக்கிறார்.

டேபிளில் என்ன இருந்தது

ஒரு எல்.ஆர். போட்டால் ஒரு பதிவு. அதில் எல்.ஆர். எண், கிளை எண், தேதி, அனுப்புநர், பெறுநர், சரக்கு விவரம், குறிப்பு, டெலிவரி ஆன தேதி ஆகிய ஃபீல்டுகள். மொத்தம் 15 இலட்சத்துக்கு மேல் பதிவுகள். அதில் பாதிக்கு மேல் செவ்வாய்ப்பேட்டை. லீ பஜார் மண்டிச் சரக்கும் வெள்ளிப் பட்டறைச் சரக்கும் அங்கேதான் ஏறுகின்றன. ஏற்காடு நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 14. அனுப்புநர், பெறுநர், சரக்கு, குறிப்பு நான்கையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு டிஎஸ்வெக்டர் ஃபீல்டு (தேடுவதற்காக உரையைச் சொல் சொல்லாகப் பிரித்து வைப்பது), அதன்மேல் ஒரு ஜின் இண்டெக்ஸ். ஜின் இண்டெக்ஸ் ஒவ்வொரு சொல்லுக்கும் அது எந்தெந்தப் பதிவுகளில் வருகிறது என்ற பட்டியலை வைத்திருக்கும். 'சிம்பிள்' அமைப்பு, அதாவது விகுதி வெட்டும் வேலை கிடையாது. அடித்த சொல்லின் முன்பகுதி பொருந்தினால் போதும் என்ற முன்னொட்டுத் தேடல். தமிழ்ச் சொல்லின் விகுதியை வெட்டும் ஸ்னோபால் ஸ்டெம்மர் போஸ்ட்கிரெசில் 12-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆனால் சரக்குப் பெயர்களுக்கு முன்னொட்டுத் தேடலே போதும், வேலை செய்பவர்களுக்கும் புரியும். இந்த முடிவில் நான் கை வைக்கவில்லை.

கோளாறு தேடலுக்குப் பிந்தைய படியில் இருந்தது. சொல்லுக்குப் பொருந்தும் பதிவுகளில் சமீபத்திய 200-ஐ எல்லாக் கிளைகளிலிருந்தும் எடுத்து சர்வர் அனுப்பும். பிரவுசரில் ஓடும் ஸ்கிரிப்ட் அதில் இந்தக் கிளைக்கு உரியதை மட்டும் காட்டி, மற்றதை மறைக்கும். கிளைகள் வருவதற்கு முன்பு எழுதிய தேடலுக்கு மேல் பின்னால் ஒட்டிய ஒட்டு இது என்பது பார்த்ததுமே தெரிந்தது.

கண்டுபிடித்த விதம்

புரோகிராமைப் படிப்பதற்கு முன்பே ஒரு தடயம் கிடைத்துவிட்டது. பெரியவரிடம் வேறு சில சொற்களை அடித்துப் பார்க்கச் சொன்னேன். 'மிளகு' என்றால் கொஞ்சம் வந்தது. 'பெர்சிமன்' என்ற பழத்தின் பெயரை அடித்தால் இருந்த அத்தனையும் வந்தது. 'காப்பி' என்றால் ஒன்றும் இல்லை. நெட் பிரச்சினை சொல்லைப் பார்த்து வருமா? அரிய சொல் என்றால் எல்லாம் கிடைக்கிறது, பழகிய சொல் என்றால் காணாமல் போகிறது. தேடலில் எங்கோ ஒரு வரம்பு இருக்கிறது, அந்த வரம்புக்குப் பிறகுதான் கிளை பார்க்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிளை மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு, சொல் எல்லாக் கிளைகளிலும் சமமாகப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 200 பதிவில் அந்தக் கிளைக்குக் கிடைப்பது இரண்டு. சமமாகப் பரவவில்லை என்றால் இரண்டும் இல்லை. அடிவாரத்திலேயே சீட்டெல்லாம் நிரம்பிய பஸ்ஸில் நடுவழியில் ஏற நிற்பவர் நிலைதான் ஏற்காட்டுப் பதிவுகளுக்கு. 'பெர்சிமன்' விஷயத்தில் மொத்தமே 200-க்குள் அடங்கிவிட்டதால் யாருக்கும் குறைவில்லை.

ஆனால் காப்பி ஏற்காட்டுச் சரக்காயிற்றே, கீழே இருப்பவர்கள் எப்படி அந்த 200 இடத்தையும் பிடித்தார்கள்? காப்பித்தூள் அனுப்பும் கடைகள் ஒரு பக்கம். பெரிய பங்கு வேறு இடத்திலிருந்து வந்தது. குறிப்பு ஃபீல்டில் செவ்வாய்ப்பேட்டையில் தினமும் எழுதுவது: "எல்.ஆர். காப்பி வரவில்லை", "காப்பி டிரைவரிடம்". அங்கே காப்பி என்றால் நகல். தேடலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகப் பிரச்சினை இரண்டு. டேபிளின் எந்தப் பதிவுகளுக்குள் தேடுவது என்பது ஒன்று. பதிவின் எந்த ஃபீல்டுக்குள் தேடுவது என்பது இன்னொன்று. இரண்டையும் தேடலுக்குள்ளேயே சொல்லியிருக்க வேண்டும். தேடி முடித்து, வெட்டி எடுத்த பிறகு சொன்னால் அது தேடலைச் சுருக்குவதில்லை, விடையைச் சுரண்டுகிறது.

அங்கிருந்த மென்பொருள் ஆள் முதலில் சொன்ன யோசனை, 200-ஐ 5,000 ஆக்கிவிடலாம் என்பது. அதை நான் ஏற்கவில்லை. டேபிள் வளர வளர அதே கோளாறு திரும்ப வரும். அதைவிட மோசம், மற்றக் கிளைகளின் 5,000 பதிவுகள் ஏற்காட்டுப் பிரவுசருக்கு வந்து இறங்கும். இப்போதே 200 வந்துகொண்டிருந்தன. திரையில் தெரியாதே தவிர, பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறந்தால் இன்னொரு கிளையின் வாடிக்கையாளர் பெயர், சரக்கு எல்லாம் அப்படியே கிடக்கும். முதலாளிக்கு இதைக் காட்டிய பிறகுதான் வேலைக்கு அவசரம் வந்தது. காப்பி கிடைக்காததற்கு வராத அவசரம்.

கிளையை உள்ளே கொண்டுபோனது

கிளை நிபந்தனையை க்வெரியிலேயே, அதாவது டேட்டாபேசிடம் கேட்கும் கேள்வியிலேயே சேர்த்தோம்: இந்தச் சொல் பொருந்த வேண்டும், கிளை எண் இதுவாக இருக்க வேண்டும், தேதி வாரியாகப் பின்னிருந்து வரிசைப்படுத்து, முதல் 20 போதும். விடை உடனே சரியானது. ஏற்காட்டில் காப்பி வந்தது.

அப்புறம் ஒரு விநோதம். ஏற்காட்டில் 'காப்பி' கண் இமைப்பதற்குள் வருகிறது, 'கொலுசு' என்று அடித்தால் திரை சுற்றிக்கொண்டே நிற்கிறது. கடைசியில் 'பதிவு இல்லை' என்கிறது. ஏற்காட்டிலிருந்து கொலுசு யார் அனுப்பப் போகிறார்கள், இல்லைதான். ஆனால் இல்லை என்று சொல்ல ஏன் இவ்வளவு நேரம்?

க்வெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்தது. க்வெரியை எந்த வழியில் ஓட்டலாம் என்று முடிவெடுக்கும் போஸ்ட்கிரெசின் பிளானர் இரண்டு வழிகளை எடைபோடுகிறது. ஒன்று, ஜின் இண்டெக்சில் சொல்லைத் தேடி, கிடைத்ததைக் கிளைப்படி வடிகட்டி, வரிசைப்படுத்தி, 20 எடுப்பது. இன்னொன்று, தேதி மேல் இருக்கும் பி-ட்ரீ இண்டெக்சில் (மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் இண்டெக்ஸ்) பின்னாலிருந்து நடந்துகொண்டே போய், ஒவ்வொரு பதிவாக எடுத்துச் சொல்லும் கிளையும் பொருந்துகிறதா என்று பார்த்து, 20 சேர்ந்ததும் நிறுத்திவிடுவது. கொலுசு மொத்த டேபிளில் அடிக்கடி வரும் சொல். அது எவ்வளவு அடிக்கடி வருகிறது என்ற கணக்கு பிளானரிடம் இருக்கிறது. கிளை ஏற்காடாக இருப்பது எத்தனை பதிவில் என்பதும் இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் பெருக்குகிறது. அந்தக் கணக்குப்படி ஏற்காட்டுக் கொலுசு கணிசமாக இருக்க வேண்டும், கொஞ்ச தூரம் நடந்தாலே 20 சேர்ந்துவிடும். உண்மையில் ஒன்றுகூட இல்லை. ஆகவே டேபிளின் அடி வரைக்கும் நடந்துவிட்டுத்தான் திரும்புகிறது.

டேபிளின் ஒரு பகுதிக்குள் தேடும்போது இந்தப் பொறி எப்போதும் காத்திருக்கும் என்பது என் அனுபவம். பகுதியும் சொல்லும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருப்பது நிஜ வாழ்க்கையில் அபூர்வம். ஊருக்கு ஊர் சரக்கு வேறு, சீசனுக்குச் சீசன் சரக்கு வேறு. மாம்பழப் பெட்டி ஏப்ரலில் ஏறத் தொடங்கும்போது, இந்தக் கணக்குகளைப் புதுப்பிக்கும் அனலைஸ் ஓடி வெகு நாளாகியிருந்தால், அந்தச் சொல்லைப் பற்றிப் பிளானருக்குத் தெரிந்தது போன சீசனின் மிச்சம் மட்டும்தான்.

இரண்டு மாற்றம் செய்தோம். முதலாவது, கிளை எண்ணையும் சரக்குச் சொற்களையும் சேர்த்து ஒரே ஜின் இண்டெக்ஸ். சாதாரண எண் ஃபீல்டை ஜின் ஏற்காது, 'பிட்ரீ-ஜின்' என்ற எக்ஸ்டென்ஷன் போட்டால் ஏற்கும். அதன் பிறகு 'கிளை 7' என்பதற்கு ஒரு பட்டியல், 'காப்பி' என்பதற்கு ஒரு பட்டியல், இரண்டுக்கும் பொதுவானதை இண்டெக்சுக்குள்ளேயே கண்டுபிடித்துவிடும். பி-ட்ரீயில் எந்த ஃபீல்டு முன்னால் நிற்கிறது என்பது முக்கியம். ஜின்னில் அந்தக் கவலை கிடையாது. ஒரு பட்டியல் நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருந்தால் நீளமானதை முழுக்கப் படிக்காமல் தாண்டித் தாண்டிப் போகும் திறமை 9.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. சிறிய கிளைக்கு இது பெரிய லாபம்.

ஆனால் இண்டெக்ஸ் போட்டும் முதலில் பலன் தெரியவில்லை. கிளை எண் டேபிளில் ஸ்மால்இன்ட் (சிறிய முழு எண்) வகை, புரோகிராம் அனுப்பியது இன்டிஜர் (சாதாரண முழு எண்) வகை. சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் இந்த இரண்டையும் உறவாக எடுத்துக்கொள்ளும். 14-ஆம் பதிப்பின் பிட்ரீ-ஜின் எடுத்துக்கொள்ளாது, வகை அச்சாகப் பொருந்த வேண்டும். பிழைச் செய்தி எதுவும் வராது, விடையும் சரியாகவே இருக்கும். கிளை நிபந்தனை மட்டும் இண்டெக்சுக்குள் போகாமல், எடுத்த பிறகு வடிகட்டும் வேலையாக வெளியே நின்றுவிடும். எக்ஸ்பிளெய்னில் 'இண்டெக்ஸ் நிபந்தனை' என்ற வரிக்கும் 'ஃபில்டர்' என்ற வரிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்தால்தான் கண்ணில் படும். தேடலின் எல்லை தேடலுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை அறிய அந்த இரண்டு வரியைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது மாற்றம், தேதி இண்டெக்ஸ் வழியாக நடக்கும் வழியையே அடைத்தது. கிளைக்குள் சொல் பொருந்தும் பதிவுகளைத் க்வெரிக்குள்ளேயே தனி 'வித்' பகுதியில் எடுத்து, அதன் பிறகே வரிசைப்படுத்தி 20 எடுப்பது. போஸ்ட்கிரெஸ் 11 வரை இப்படி எழுதினாலே உள்பகுதி தனியாக ஓடும். 12-இலிருந்து பிளானர் அதை வெளிக் க்வெரியோடு கரைத்துவிடும், 'மெட்டீரியலைஸ்டு' என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் தனியாக நிற்கும். பழைய பதிப்பில் எழுதிய புரோகிராம், பதிப்பு ஏற்றிய பிறகு சத்தமில்லாமல் மெதுவாவதற்கு இது ஒரு காரணம்.

குடோனில் இருப்பது மட்டும்

செவ்வாய்ப்பேட்டைக்கு ஏற்காட்டின் பிரச்சினை இல்லை, வேறு பிரச்சினை. அங்கே கிளை நிபந்தனை போட்டாலும் பாதி டேபிள் மிஞ்சும். 'கொலுசு' என்றால் வருஷக்கணக்கான பதிவுகள் வந்து குவியும்.

அங்கே குடோன் பார்க்கிறவரிடம் கேட்டேன், எதற்காகத் தேடுகிறீர்கள் என்று. "பார்ட்டி வந்து நிக்கும்ங்க. சரக்கு வந்துருச்சா, எந்த ரேக்குல இருக்கு, அவ்வளவுதான். டெலிவரி குடுத்தத எதுக்குத் தேடப்போறேன்? அது ஆடிட்டுக்குத்தான்." ஆக அவருக்கு வேண்டிய டேபிள் டெலிவரி ஆகாத பதிவுகள் மட்டும். மொத்தத்தில் மிகச் சிறிய பகுதி. அந்தப் பகுதி வளர்வதும் இல்லை, உள்ளே வருவதும் வெளியே போவதும் ஏறக்குறைய சமம்.

இதற்கென்றே இருப்பது பகுதி இண்டெக்ஸ். டெலிவரி தேதி காலியாக உள்ள பதிவுகளுக்கு மட்டும் ஜின் இண்டெக்ஸ் என்று நிபந்தனை வைத்துக் கட்டினோம். சரக்கு டெலிவரி ஆனதும் அந்தப் பதிவின் புது வடிவம் இந்த இண்டெக்சில் ஏறாது. கவுண்டரில் தேடல் திரையின் இயல்பான நிலை இதுவாகியது. பழையதும் வேண்டும் என்றால் ஒரு டிக் போட்டுக்கொள்ளலாம். இந்த மொத்த வேலையில் பயனாளிகளுக்கு அதிகம் உறைத்த மாற்றம் இதுதான்.

பகுதி இண்டெக்ஸ் வேலை செய்ய ஒரு கட்டுப்பாடு உண்டு. க்வெரியின் நிபந்தனையிலிருந்து இண்டெக்சின் நிபந்தனை தானாகவே பெறப்படும் என்று பிளானர் தீர்மானமாக அறிய வேண்டும். 'டெலிவரி தேதி காலி' என்று க்வெரியிலும் அப்படியே எழுதினால் சந்தேகமே இல்லை. நிலையை ஒரு அளவுருவாக வைத்து, மதிப்பை ஓடும்போது கொடுத்தால், எல்லா மதிப்புக்கும் பொதுவாகப் போடும் திட்டத்தில் பிளானர் இந்த இண்டெக்சைத் தொட முடியாது. புரோகிராமுக்காக க்வெரியைத் தானே எழுதித் தரும் ஓஆர்எம் கருவிகள் எல்லாவற்றையும் அளவுருவாக்கும் பழக்கம் உடையவை. அதனால் இந்த ஒரு நிபந்தனையைக் கையாலேயே எழுதினோம்.

முதலாளி கேட்டது 'கடைசி 30 நாள்' என்ற பகுதி. அதைப் பகுதி இண்டெக்சில் வைக்க முடியாது. இன்றைய தேதி நாளுக்கு நாள் மாறும், மாறும் மதிப்பைத் தரும் ஃபங்ஷனை இண்டெக்ஸ் நிபந்தனையில் போஸ்ட்கிரெஸ் அனுமதிப்பதில்லை. பதிவின் நிலையைச் சொல்லும் நிபந்தனை பொருந்தும், பார்க்கும் நேரத்தைச் சார்ந்த நிபந்தனை பொருந்தாது.

செலவும் உண்டு. டெலிவரி தேதி இப்போது ஒரு இண்டெக்ஸ் நிபந்தனையில் வருவதால், அதை மாற்றும் ஒவ்வொரு அப்டேட்டும் அந்தப் பதிவுக்காக மற்ற இண்டெக்சுகளையும் தொட வேண்டியிருக்கும். ஒரு சரக்கு ஒரு தடவைதான் டெலிவரி ஆகும் என்பதால் இதைப் பொறுத்துக்கொண்டோம். நிலை அடிக்கடி மாறும் டேபிள் என்றால் இன்னொரு தடவை யோசித்திருப்பேன்.

கிளைக்கு ஒரு பகுதி இண்டெக்ஸ் போட்டால் என்ன என்று கேட்டார்கள். போடலாம், ஆனால் அது பார்ட்டிஷனுக்கு, அதாவது டேபிளையே துண்டு துண்டாகப் பிரித்து வைப்பதற்கு, ஏழை வீட்டு மாற்று. புதுக் கிளை திறந்தால் புது இண்டெக்ஸ், ஒவ்வொரு க்வெரிக்கும் பிளானர் அத்தனையையும் புரட்டிப் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் கையேடே வேண்டாம் என்கிறது. சரி, உண்மையான பார்ட்டிஷன்? கிளை வாரியாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஜின், தேடல் தானாகவே ஒரு பகுதிக்குள் அடங்கும். ஆனால் பார்ட்டிஷன் டேபிளில் தனித்துவம் காக்கும் எந்தக் கட்டுப்பாட்டிலும் பிரிக்கும் ஃபீல்டும் சேர்ந்திருக்க வேண்டும். இவர்களுடைய எல்.ஆர். எண் எல்லாக் கிளைக்கும் ஒரே தொடர். கிளை எண்ணையும் சேர்த்தால்தான் தனித்துவம் என்று ஆகிவிட்டால், ஒரே எல்.ஆர். எண் இரண்டு கிளையில் ஏறுவதை டேட்டாபேஸ் தடுக்காது. தேடல் வேகத்துக்காக அதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

எந்த ஃபீல்டுக்குள்

காப்பியின் இன்னொரு பாதி. சரக்கு விவரத்தில் மட்டும் தேடு என்பதை டிஎஸ்வெக்டரில் எடைக்குறியாக வைக்கலாம். சரக்குக்கு ஏ, பெயர்களுக்கு பி, குறிப்புக்கு டி என்று குறியிட்டு, 'காப்பி, ஏ-யில் மட்டும்' என்று தேடலாம். எழுத அழகாக இருக்கும். ஆனால் ஜின் இண்டெக்ஸ் சொற்களை மட்டுமே வைத்திருக்கும், எடைக்குறிகளை வைத்திருக்காது. எனவே காப்பி எந்த ஃபீல்டில் இருந்தாலும் எல்லாப் பதிவையும் டேபிளிலிருந்து எடுத்து வந்து, அதன் பிறகே குறியைச் சரிபார்க்கும். நம் விஷயத்தில் தொல்லையே குறிப்பு ஃபீல்டில் குவிந்த நகல் காப்பிகள்தான். அவற்றை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தள்ளுவதில் என்ன மிச்சம்? சரக்குக்கு மட்டும் தனி டிஎஸ்வெக்டர் ஃபீல்டு வைத்தோம். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், போகட்டும்.

இதில் ஓமலூர்க் கிளைக்காரர்களுக்கும் ஒரு நன்மை. 'வெள்ளி' என்று அடித்தால் முன்னொட்டுத் தேடலில் 'வெள்ளிக்கிழமை டெலிவரி' என்று குறிப்பு எழுதிய பதிவெல்லாம் வந்து நின்றது. இப்போது நிற்பதில்லை.

இதெல்லாம் முடிந்தும் ஆத்தூர் கிளையில் 'கொலுசு' பாதிதான் வந்தது. அங்கே பழைய பதிவுகள் யூனிகோடுக்கு முந்தைய ஒரு எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டவை. மாற்றிய கருவி 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாக வைக்காமல், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகவே விட்டுவிட்டது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தேடலுக்கு வெவ்வேறு சொல். சேமிக்கும்போதும் தேடும்போதும் சொல்லை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீரும், அதற்கான நார்மலைஸ் ஃபங்ஷன் போஸ்ட்கிரெசிலேயே 13-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. 'ஔ'வுக்குப் பதில் ஒகரத்துக்குப் பக்கத்தில் ளகரம் போட்டு எழுதியதை மட்டும் அது சேர்க்காது, அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். அவற்றைத் தனியாக மாற்றினோம்.

பூட்டு எங்கே

கிளை எல்லை வேகத்துக்கானது மட்டுமல்ல, ஒரு கிளையின் பதிவை இன்னொரு கிளை பார்க்கக் கூடாது என்பதற்கானதும்கூட. அதனால் போஸ்ட்கிரெசின் பதிவுநிலைப் பாதுகாப்பைப் போடலாம் என்ற யோசனை இயல்பாக வந்தது. 9.5-இலிருந்து உள்ள வசதி. டேபிள்மேல் ஒரு கொள்கை எழுதிவிட்டால், யார் என்ன க்வெரி போட்டாலும் அவர் கிளைக்கு வெளியே ஒன்றும் வராது. போட்டுப் பார்த்தோம். செவ்வாய்ப்பேட்டை படுத்துவிட்டது.

காரணம் நியாயமானது. கொள்கையைத் தாண்டாத பதிவின் மதிப்பு, பிழைச் செய்தி வழியாகவோ வேறு விதமாகவோ கசியக் கூடாது. எனவே கசிவற்றது என்று குறியிடப்படாத எந்த ஆபரேட்டரையும் கொள்கைக்கு முன்னால் ஓட்ட போஸ்ட்கிரெஸ் மறுக்கும். உரைத்தேடல் ஆபரேட்டருக்கு அந்தக் குறி இல்லை. ஜின் இண்டெக்சை வைத்துத் தேடுவது என்றால் சொல்லை முதலிலேயே பொருத்திப் பார்ப்பதாகும், அதற்கு அனுமதி இல்லை. விளைவு, கிளையின் எல்லாப் பதிவையும் எடுத்து ஒவ்வொன்றாகச் சொல்லைப் பொருத்துகிறது. ஏற்காட்டுக்குப் பரவாயில்லை, பாதி டேபிளை வைத்திருக்கும் கிளைக்கு முடியாது.

கடைசியில் தேடலுக்கென்று ஒரு ஃபங்ஷன் எழுதி, கிளை எண்ணை லாகின் செஷனிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும்படி வைத்து, புரோகிராமின் டேட்டாபேஸ் பயனருக்கு டேபிளை நேரடியாகப் படிக்கும் உரிமையைப் பறித்தோம். கிளை எண்ணின் வகைச் சிக்கலும் அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே தீர்ந்தது. பதிவுநிலைப் பாதுகாப்பு தரும் உறுதி இதில் இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை, ஃபங்ஷனைத் தவறாக எழுதினால் பூட்டும் தவறுதான். ஆனால் படித்துச் சரிபார்க்க ஒரே இடம்.

மலைமேல் லைன் போனால்

ஏற்காட்டில் நெட் போவது பொய்யில்லையே. அதற்காக அந்தக் கிளையின் லேப்டாப்பில் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேசில் ஒரு நகல் வைத்தோம், ஏற்காட்டுப் பதிவுகள் மட்டும். டேபிளின் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டால் கிளை நிபந்தனையே தேவையில்லை. தேடலுக்கு எஸ்க்யூலைட்டின் உரைத்தேடல் வசதியான எஃப்டிஎஸ்5.

முதல் சோதனையில் 'காப்பி' என்று தேடியபோது, பள்ளிக்கூடத்துக்குப் போகும் பரிசுக் கோப்பைப் பெட்டியும் வந்து நின்றது. பெரியவர் சிரித்துவிட்டார். உரையைச் சொற்களாக உடைக்கும் எஃப்டிஎஸ்5-இன் இயல்பான டோக்கனைசர் யூனிகோடில் எழுத்து, எண் என்று வகைப்படுத்தியதை மட்டும் சொல்லின் பகுதியாகக் கொள்ளும். தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் 'குறி' என்ற வேறு வகையில் இருப்பதால் அவற்றைச் சொல் இடைவெளியாக எடுத்துக்கொள்ளும். காப்பி, க, ப, ப என்று மூன்று துண்டாகும். கோப்பையும் அதேதான், குப்பையும் அதேதான். டோக்கனைசரின் எழுத்து வகைப் பட்டியலில் குறி வகைகளையும் சேர்த்து இண்டெக்சைத் திரும்பக் கட்டினால் சரியாகிவிடும். போஸ்ட்கிரெசின் பார்சர் இந்தக் குறிகளில் சொல்லை உடைப்பதில்லை, அதனால்தான் கீழே இது தலைகாட்டவில்லை.

எல்லாக் கிளைகளையும் ஒரே எஃப்டிஎஸ்5 டேபிளில் வைப்பவர்கள் கிளை எண்ணையும் ஒரு ஃபீல்டாக உள்ளே சேர்த்து, ஃபீல்டு வடிகட்டியோடு அதையும் ஒரு தேடுசொல்லாகக் கொடுக்கலாம். நன்றாக ஓடும். ஆனால் பொருத்தத்தின் அளவைப் பார்த்து வரிசைப்படுத்தும் பிஎம்25 முறையைப் பயன்படுத்தினால் ஒன்று நினைவிருக்கட்டும்: ஒரு சொல் எவ்வளவு அரியது என்பதை அது முழு டேபிளை வைத்துத்தான் கணக்கிடும், நீங்கள் தேடும் பகுதியை வைத்து அல்ல. போஸ்ட்கிரெசின் தரவரிசை ஃபங்ஷன் அப்படிப்பட்ட மொத்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. நாங்கள் தேதி வரிசையில் நின்றதால் இரண்டும் எங்களைப் பாதிக்கவில்லை. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேசில் இருந்திருந்தால் பார்ட்டிஷன் என்ற பேச்சே எழுந்திருக்காது, பார்ட்டிஷன் செய்த டேபிளில் அதன் ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸ் வைக்க முடியாது.

சரிபார்த்தது

விடை முழுமையா என்று பார்க்க ஒரு வழிதான் நம்பகமானது. அடிக்கடி தேடப்படும் சொற்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு கிளைக்கும் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு விதமாகத் தேடினோம்: ஒன்று புதிய ஃபங்ஷன் வழியாக, வரம்பை நீக்கி. மற்றது இண்டெக்ஸ் வழிகளை அணைத்துவிட்டு டேபிளை அடியோடு படித்து. இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தச் சோதனையைப் பெரிய கிளையில் மட்டும் செய்து திருப்திப்பட்டிருந்தால் பழைய புரோகிராமும் தேறியிருக்கும். சிறிய கிளை, பழகிய சொல் என்ற மூலையில்தான் கோளாறு இருந்தது. ஏற்காட்டுக் கொலுசு போல, விடை இல்லாத ஜோடிகளையும் சேர்த்து அவற்றின் நேரத்தைத் தனியாகப் பார்த்தோம்.

தலைமை அலுவலகத்தின் எல்லாக் கிளைத் தேடல் மட்டும் பழைய 200 வரம்போடுதான் இருக்கிறது. இன்னும் இருக்கிறது என்று கீழே ஒரு வரி காட்டும்படி செய்திருக்கிறோம். ஜவ்வரிசி, சவ்வரிசி, சாகோ மூன்றையும் ஒன்றாக எடுக்க போஸ்ட்கிரெசின் ஒத்தசொல் அகராதி வேண்டும். காப்பி, காபி என்று இரண்டு விதமாக எழுதுவதும் அதில் சேரும். அந்தப் பட்டியலை ஆத்தூர் கிளைக்காரர்கள் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். வந்ததும் டிஎஸ்வெக்டர் ஃபீல்டுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கட்ட வேண்டியிருக்கும்.